காவு வாங்கிய கயிறு

புதிய கப்பல் பாலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடற்கரையின் தெற்குக் கோடியிலிருந்து புறப்பட்டு, அலை உடைகிற இடத்தையும் தாண்டி, கடலுக்குள் நேராகப் போய் நிற்கிறது. அதைக் கட்டியது யார் என்று கேட்டால் அரசாங்கம் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் காண்டிராக்டரின் பெயரைச் சொல்வார்கள். ஜல்லி சுமந்த பெண்களை யாருக்கும் நினைவிருக்காது. அந்தப் பெண்களில் ஒருத்திதான் செல்வாம்பாள்.

அவள் பிறந்தது ரெட்டியார்பாளையத்தில், ஒரு குடியானவர் வீட்டில். தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது அவளுக்குப் பதினாலு வயது. தம்பி கண்ணையன் ஏழு வயதுச் சிறுவன். அன்றிலிருந்து அவள் தன் வயதை மறந்தாள். களை பறித்தாள், நாற்று நட்டாள். தன் பங்குக் கூழையும் தம்பியின் சட்டியில் ஊற்றிவிட்டு, வயிறு நிறைந்தவள் போல வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனார்களே, அதற்கு அடுத்த தை மாதம் அவளைப் பெண் பார்க்கப் பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வேம்பு, மில் தொழிலாளி. கூட வந்தவள் அவன் தாய் ஆயம்மா. செல்வாம்பாள் தலை குனிந்தபடியே ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தம்பிய விட்டுட்டு நான் எங்கியும் வரமாட்டேன்."

ஆயம்மாவின் முகம் கோணியது. வேம்பு சிரித்தான்.

"தம்பிய விட்டுட்டு வந்தா பாதிப் பொண்ணுதாம்மா வரும். எனக்கு முழுசா வேணும். பையனையும் வண்டியில ஏறச் சொல்லு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அவனுக்குத் தன் ஆயுளையே எழுதிக் கொடுத்தாள்.

குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறை அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டையாக வந்ததில்லை. கண்ணையன்தான் பிள்ளை. ஆயம்மாகூட வாயால் அவனைத் திட்டிக்கொண்டே கையால் சோறு போடுவாள். ஆனால் மூன்று வருஷத்துக்குள் மில்லில் ஆள் குறைத்தார்கள். வேம்பு வெளியே நின்றான்.

அப்போதுதான் பாலத்தின் வேலை ஆரம்பித்தது. பழைய இரும்புப் பாலத்தைப் புயல் கொண்டுபோன நாளிலிருந்து கப்பல்கள் தூரத்தில் நின்றன. சாமானெல்லாம் படகில் ஏறி இறங்கியது. இனி அப்படி இல்லை, புதுப் பாலம் வரும், கிடங்குகள் வரும், கரையை ஒட்டிச் சாலை போடுவார்கள், ஊரே மாறிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். வேம்பு பாலத்தில் கூலியாளாகச் சேர்ந்தான். செல்வாம்பாள் கரையில் ஜல்லி சுமந்தாள்.

வேலையாட்களுக்கு மேஸ்திரி கலியபெருமாள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பியவர். பட்டாளத்து மீசை, அதற்குச் சம்பந்தமே இல்லாத இளகிய மனசு. அந்தச் சீமையில் பாலம் கட்டும் வேலையில் இருந்தபோது, பூசை போடாமல் நட்ட தூண் ஒன்று ஆறு பேரோடு ஆற்றில் சாய்ந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். அதனால் இங்கே முதல் தூணை இறக்கும் முன் கடலுக்குச் சேவல் அறுத்தார். பூசணிக்காய் உடைத்தார். கடப்பாரையிலிருந்து கயிறு வரை ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். பூசை போட்ட சாமானை ஆயுத பூசைக்கு முன் ஒதுக்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அதை யாரும் மீறியதில்லை. மீறவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

"மேஸ்திரி, இம்மாம் பெரிய கடலுக்கு ஒரு சேவலு எந்த மூலைக்கு?" என்றான் பாவாடை என்ற கூலியாள். "பல்லு இடுக்குலகூட ஒட்டாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரிய பாலம் என்றால் ஒரு தலையாவது கேட்கும் என்று அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்.

கான்கிரீட் இறுகிய பிறகு, பாலத்தின் அடியில் முட்டுக்கொடுத்த பலகைகளைத் தட்டிக் கழற்ற வேண்டும். அதற்கு ஓர் ஆளைப் பலகையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மேலிருந்து கடலுக்கு மேலே தொங்கவிடுவார்கள். அந்தப் பலகைக்கு வேலையாட்கள் வைத்த பெயர் ஊஞ்சல். ஊஞ்சலில் உட்கார்ந்தவன் வேம்பு.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் காலை, பழையது சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்.

"ஊஞ்சக் கயிறு மெலிஞ்சுபோய்க் கெடக்கு. இரும்புல ஒரசி ஒரசி நாரு நாரா வருது. மேஸ்திரிகிட்ட சொன்னேன்."

"என்னா சொன்னாரு?"

"ஆயுத பூசைக்கு மாத்திக்கலாம்னாரு. கொட்டாயில புதுக் கயிறு சும்மாதான் கெடக்கு."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"அதுவரைக்கும் நானும் மெலிஞ்சுட்டாப் போவுது. நீ சோத்தக் கொறச்சுப் போடு."

அவள் கோபித்துக்கொண்டு இன்னும் ஒரு கை சோறு வைத்தாள். அதுதான் அவன் அவள் கையால் கடைசியாக உண்டது.

மத்தியானம் தலையில் ஜல்லிக்கூடையோடு நடந்துகொண்டிருந்தாள். பாலத்தின் முனையில் பல பேர் ஒரே குரலில் கத்துவது கேட்டது. கூடை விழுந்தது. அவள் ஓடினாள். ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, பலகை ஒற்றைக் கயிற்றில் செங்குத்தாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்கீழே வெறும் தண்ணீர். விழும்போது தூணில் தலை மோதியதாம். பொழுது சாய வைத்திக்குப்பத்து மீனவர்கள்தான் அவனைக் கட்டுமரத்தில் கொண்டுவந்து கரையில் இறக்கினார்கள். அவள் முந்தானையால் அவன் முகத்து மணலைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மணல் வந்துகொண்டே இருந்தது.

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து சொன்னார்.

"தங்கச்சி, கடலு கேட்டத எடுத்துகிச்சு. இனிமே எடுக்காது. ஒம் புருஷன் எங்க அத்தன பேரு உசுரையும் காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிட்டான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார்.

வீட்டில் ஆயம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். பாவாடையின் மனைவி அன்னக்கிளியும் மற்றப் பெண்களும் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்கள்.

"அழாத ஆயம்மா! காவாப் போனவனுக்கு அழக்கூடாது. அழுதா அவன் திரும்பிப் பாப்பான். குடுத்தத மனசில்லாமக் குடுத்த மாதிரி ஆயிடும்."

பெற்ற வயிறு எரிய, அந்தக் கிழவி அழுகையை விழுங்கினாள். வேம்பு அழுகைச் சத்தமே இல்லாமல் சுடுகாட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் செல்வாம்பாள் எதிர்பார்க்கவில்லை. தாலி இழந்தவள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. ஆனால் பொழுது விடியும்போது பாலத்து வேலையாட்களின் மனைவிமார் அவள் வாசலுக்கு வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் புருஷன்மாரை வேலைக்கு அனுப்பினார்கள். கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். பூக்கூட வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஒன்னால எங்க தாலி கெட்டியாச்சு, செல்வாம்பா" என்றாள் அன்னக்கிளி, அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு.

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பிடித்துத்தான் இருந்தது. இல்லாவிட்டால் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது என்ன? ஆயம்மாவோ அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள். காலையில் குளித்து, திருநீறு பூசி, வருகிறவர்களுக்காக வாசலில் காத்திருந்தாள். "எம்மவன் நூறு குடும்பத்துக்குச் சாமி" என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் உயிர் இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆனி மாதத்தில் கண்ணையன் ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தான். இருபதைத் தாண்டிய வாலிபன்.

"அக்கா, மேஸ்திரி எனக்கு வேல குடுத்துட்டாரு. மச்சான் ஏறின ஊஞ்சல்லதான்!"

செல்வாம்பாள் அரிசி முறத்தைக் கீழே வைத்தாள்.

"கயிற மாத்தினாங்களாடா?"

"அத எதுக்கு மாத்தணும்? அறுந்த எடத்துல முடிச்சுப் போட்டாச்சு. அது காவு வாங்கின கயிறு, அக்கா! இனிமே ஜென்மத்துக்கும் அறுவாதுன்னு மேஸ்திரியே சொல்றாரு. அதுல ஏற அத்தன பேருக்கும் போட்டி. மச்சான் மொறைக்கு எனக்குன்னு குடுத்தாங்க."

மறுநாள் ஜல்லி சுமக்கும் சாக்கில் பாலத்தின் முனைக்குப் போய்ப் பார்த்தாள். அதே கயிறுதான். முடிச்சின்மேல் மஞ்சள் பூசி, ஒரு முழம் பூச் சுற்றியிருந்தது. பூவுக்குக் கீழே, வேம்பு சொன்னது போலவே, நார் நாராகப் பிரிந்து நின்றது. கண்ணையன் இரண்டு கையையும் விட்டுவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே பலகை கழற்றிக்கொண்டிருந்தான்.

அவள் மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணே, அந்தக் கயிற மாத்திடுங்க. ஒங்க காலுல விழுறேன்."

"என்னா தங்கச்சி நீயே இப்படிச் சொல்ற? ஒம் புருஷன் உசுரு இருக்கற கயிறு அது. அத அறுத்துப் போட்டா அவன் குடுத்த காவுக்கு என்னா மதிப்பு?"

அன்னக்கிளியிடம் சொன்னாள். "துக்கத்துல ஒனக்குப் புத்தி கலங்குது, செல்வாம்பா. அந்தக் கயித்தாலதான் எங்க ஊட்டுக்காரரு ராத்திரி ஊடு திரும்புறாரு" என்றாள் அவள். பிறகு செல்வாம்பாள் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். "மச்சான நம்புக்கா" என்று அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.

கடைசியில் ஆயம்மாவிடம் வாயெடுத்தாள்.

"அத்த, அவரு காவா போவல. காலையிலயே கயிறு மோசமா இருக்குன்னு எங்கிட்ட..."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலைக் கண்டதும் செல்வாம்பாளுக்கு மேலே பேச நா எழவில்லை. ஒருவனைக் காப்பாற்ற வேண்டுமானால் இவளிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றையும் பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் அந்தப் பிள்ளை தினம் அதில் ஏறுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கை ஒருவர் கழுத்தில் இருந்தது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை பாலத்தில் பூசை ஏற்பாடாயிற்று. கட்டி முடித்த பகுதியின் முனையில் ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வேட்டித்துண்டு சுற்றி வேம்பு என்று நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். ஆயம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கல்லுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பூசை முடிந்ததும் கண்ணையன் ஊஞ்சலில் ஏறுவதாக ஏற்பாடு. பலகை ஓரத்தில் தயாராக இருந்தது. அன்று கடல் கருத்து, தூண்களில் ஓங்கி அறைந்துகொண்டிருந்தது. நின்றவர்களின் முகத்தில் உப்புத் துளி தெறித்தது.

"செல்வாம்பா, சூடத்த ஏத்தும்மா" என்றார் மேஸ்திரி.

அவள் கற்பூரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். கல்லைத் தாண்டி நடந்தாள். ஓரத்தில் கிடந்த ஊஞ்சல் பலகையில் போய், கால்களைக் கடல் பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னை எறக்குங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"யக்கா! எழுந்திரு!" என்று கண்ணையன் பாய்ந்தான்.

"கிட்ட வராத. வந்தா குதிச்சுடுவேன். மேஸ்திரி அண்ணே, இது காவு வாங்கின கயிறுதானே? அறுவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எறக்குங்க."

"தங்கச்சி, வேணாம்மா, கடலு கொதிக்குது..."

"நெதம் எந் தம்பிய எறக்குறீங்களே, அப்ப மட்டும் கொதிக்கலியா? பாவாடை அண்ணே, நீங்க புடிங்க."

பாவாடை கயிற்றைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் அருகில் நின்றவன் ஓர் அடி பின்வாங்கினான். அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கிற, மலையையே தூக்குகிற ஆண்பிள்ளைகள், ஒரு பெண்ணின் எடையைக் கண்டு தலை குனிந்து நின்றார்கள்.

"கண்ணையா, நீ வா. நீ நம்புறவனாச்சே. நீ எறக்கு."

அவன் வந்தான். கயிற்றைக் கையில் எடுத்தான். முடிச்சின்மேல் சுற்றிய பூ அவன் விரலில் பட்டு உதிர்ந்தது. கயிறு கையிலிருந்து நழுவியது.

"மாட்டேன்க்கா."

"ஏன்டா?"

"மாட்டேன்."

"ஏன்னு சொல்லு."

"அறுந்துடும்க்கா!" என்று அலறிவிட்டு, அவன் அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மேஸ்திரி மெல்ல வந்து அவள் அருகில் மண்டியிட்டார். கயிற்றை எடுத்து, பூவையும் மஞ்சளையும் துடைத்துவிட்டு, விரலால் நிமிண்டிப் பார்த்தார். நார் கையோடு வந்தது. இன்னும் நிமிண்டினார். இன்னும் வந்தது. எத்தனையோ வருஷம் கயிறு பிடித்த மனுஷர், கயிற்றை அன்றுதான் பார்க்கிறவர் போல வெகு நேரம் பார்த்தார்.

"அவன் சொன்னாம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எங்கிட்டதான் சொன்னான்."

செல்வாம்பாளைக் கைப்பிடித்து எழுப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். ஆயம்மா கல்லுக்கு முன்னாலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்து வந்தாள். மருமகளின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அப்ப எம்புள்ள சும்மாவாடி போனான்?"

பொய் சொல்லியிருக்கலாம். தம்பி பிழைத்துவிட்டான், இனி ஒரு பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்? ஆனால் அவள் வாயில் உண்மைதான் வந்தது.

"ஆமா அத்த. சும்மாவேதான் போயிட்டாரு. ஒரு புதுக் கயிறு கட்டியிருந்தா சாயங்காலம் ஊட்டுக்கு வந்திருப்பாரு."

ஆயம்மா கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே அவள் தோளைப் பற்றினாள். பிறகு அந்தக் கிழவியின் அடிவயிற்றிலிருந்து, இரண்டு மாதமாக விழுங்கி வைத்திருந்தது வெடித்துக்கொண்டு வந்தது. வேம்பு பிறந்த பொழுதையும், நடை பழகியதையும், மில்லில் முதல் கூலி வாங்கியதையும் சொல்லிச் சொல்லி அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை. அன்னக்கிளிதான் முதலில் தலையை விரித்துக்கொண்டு அவள் தோளைக் கட்டினாள். பிறகு அத்தனை பெண்களும் சேர்ந்தார்கள். பொங்கல் அடுப்பிலேயே தீய்ந்தது.

அதற்கு அடுத்த விடியலில் செல்வாம்பாளின் வாசலுக்கு யாரும் வரவில்லை. அவள் வேலைக்குப் புறப்பட்டபோது தெருவில் எதிரே வந்த ஒருத்தி பழையபடி சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்றாள். செல்வாம்பாளும் தலை குனிந்து கடந்து போனாள். ஆயம்மா பாயை விட்டு எழவில்லை. அழுதுகொண்டே படுத்திருந்தாள். ஆனால் கஞ்சியை நீட்டியபோது வாங்கிக் குடித்தாள்.

பாலத்தில் மேஸ்திரி கொட்டகையிலிருந்து புதுக் கயிறு எடுத்து வைத்திருந்தார். ஒரு கையில் குங்குமச் சிமிழ்.

"பூச போட்டுடவா, தங்கச்சி?" என்று அவளிடம் கேட்டார்.

"மொதல்ல இழுத்துப் பாருங்கண்ணே. அப்புறம் போடுங்க."

பலகையில் ஆள் கனத்துக்கு மேல் ஜல்லி மூட்டைகளை ஏற்றி, தொங்கவிட்டு, ஆட்டிப் பார்த்தார்கள். கயிறு முனகக்கூட இல்லை. மேலே ஏற்றி, மூட்டைகளை இறக்கினார்கள். பிறகுதான் குங்குமம் வைத்தார்.

கண்ணையன் பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும்."

"கீழ பாத்தா தல சுத்துது. முன்னல்லாம் இப்படி இல்லியே."

"அதான்டா நல்லது. பயத்தோடயே எறங்கு. கெட்டியாப் புடிச்சுக்க."

அவன் உட்கார்ந்தான். இரண்டு பக்கத்துக் கயிற்றையும் விரல் வெளுக்க இறுகப் பிடித்துக்கொண்டான். பாவாடையும் இன்னொருவனும் அங்குலம் அங்குலமாக அவனைக் கீழே விட்டார்கள். அவன் தலை மறையும் வரை செல்வாம்பாள் நின்று பார்த்தாள். அடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியதும், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தாள்.